சுங்கம் மேட்டில் சேவ் ஆன பஸ்

குயிலி பஸ் ஊமத்தம்பள்ளத்துப் பாலத்தோடு சேர்ந்து வெள்ளத்தில் போய், கிடைத்தவர்களை எரித்தும் புதைத்தும் கிடைக்காதவர்களுக்காகத் தலை முழுகியும், தும்பைப்புதூர் ஒருவழியாக மறுபடி அடுப்பு மூட்டப் பழகியிருந்த தை மாதத்தில், யோகேஸ்வரி தன் தம்பியின் கம்ப்யூட்டரை ஜெராக்ஸ் கடை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தூசி துடைத்து, ஒயர் மாட்டி, அவன் கடைசியாக விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டைத் திறந்தாள். போனவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

தங்காயி மடியில் பையை வைத்துக்கொண்டு, "இந்த மழை விடற மாதிரி தெரியலீங்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். பள்ளிக்கூட யூனிபாரத்தில் சஞ்சனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் காதில் பேனா இருந்தது. கடைசிச் சீட்டில் ஜன்னலோரம் அவள் தம்பி நவநீதன் இருந்தான்.

நவநீதன் பஸ் பைத்தியம். அவன் வாங்கிய விளையாட்டில் எங்கோ வெளிநாட்டு ரோடும் ஆளில்லாத பஸ்ஸும்தான் இருந்தன. அதற்குள் அவன் தும்பைப்புதூரிலிருந்து கோரமலைக்குப் போகிற குயிலி பஸ்ஸை, முன்கண்ணாடி மயில் படத்தோடும் பின்பக்கத்து நசுங்கலோடும், தானே செய்து சேர்த்தான். இப்படிப் பிற்பாடு சேர்ப்பவற்றுக்கு மோட் என்று பேர். பஸ் ஒரு மோட், பஸ் ஸ்டாண்டில் போனை நீட்டிப் பிடித்து வந்த ஹாரன் சத்தம் ஒரு மோட், மலை ரோடு ஒன்று, பாலம் ஒன்று, மழை ஒன்று, ஏறி இறங்கும் சனம் ஒன்று. எல்லாம் சேர்ந்தது ஒரு செட். ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் அது சேவ். எந்த செட்டோடு சேவ் செய்தோமோ அந்த செட்டோடு திறந்தால்தான் அந்த சேவ் ஒழுங்காகத் திறக்கும். ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் எங்காவது இடிக்கும். இதையெல்லாம் அவன் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே இருப்பான், யோகேஸ்வரி "ம்" கொட்டிக்கொண்டே ரசம் ஊற்றுவாள். பாலம் போன அன்று காலையிலும் அவன் விளையாட்டில் குயிலியைச் சுங்கம் மேடு ஸ்டாப் வரை கொண்டுவந்து சேவ் செய்துவிட்டுக் குளித்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் பைக்கை விட்டுவிட்டு, கோரமலையில் சிநேகிதன் நிச்சயதார்த்தத்துக்கு, அதே சுங்கம் மேட்டில் நிஜக் குயிலியில் ஏறினான்.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. கோயில் மண்டபத்து பெஞ்சுகள் ஜெராக்ஸ் கடை வாசலுக்கு வந்தன, வெயிலுக்குத் தென்னங்கீற்றில் பந்தல் வந்தது, டீக்கடைக்காரர் கடையையே எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசினால் போதும், பேசுகிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதாகவே பஸ்ஸில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்கள், பதில் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. மோட்டார் ரூம் சாவி எங்கே என்று ஒருவர் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். மருமகள் ஒருத்தி தினமும் வந்து மன்னிப்புக் கேட்டாள், மாமியார் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மன்னித்தாள், மறுநாள் அந்த மன்னிப்பு அங்கே இருக்காது. ஏனென்றால் சேவ் எப்போதும் சுங்கம் மேட்டில்தான் தொடங்கியது, பஸ்ஸில் இருந்தவர்களுக்கு எப்போதும் அந்த ஒரே காலைதான். அழித்த பொட்டை மறுபடி வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். திதி கொடுக்கலாமா கூடாதா என்று கோயில் பூசாரியிடம் கேட்டபோது அவர், பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கு எப்படிங்க கொடுக்கிறது என்று சொல்லிவிட்டு, அவரும் வரிசையில் போய் நின்றார், அவர் தங்கையும் பஸ்ஸில் இருந்தாள்.

சக்கரம் உருண்டால்தான் அவர்கள் பேசினார்கள். நிறுத்தினால் திறந்த வாய் திறந்தபடி நின்றது. பின்னால் திருப்பலாம் என்றால் சுங்கம் மேட்டுக்குப் பின்பக்கம் நவநீதன் ரோடே போட்டிருக்கவில்லை, அங்கே சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. ஆகவே முன்னால்தான் போயாக வேண்டும், பாலத்துக்கு முந்தின வளைவு வந்ததும் சேவ் செய்யாமல் மூடிவிட வேண்டும். மெதுவாக ஓட்ட ஓட்டப் பேச்சு நீண்டது. யோகேஸ்வரிக்கு ஓட்ட வராது, குண்டு குழியில் விட்டு தங்காயியைத் தூக்கித் தூக்கிப் போட்டாள்.

அப்போதுதான் ருக்குமணி வந்தாள். அவள் டிரைவர் பெண்சாதி, இப்போது மில்லில் சாயங்கால ஷிப்ட்டுக்குப் போகிறவள். தண்ணீர் போகிற பாலத்தில் வண்டியை விட்டது அவள் புருசன்தான் என்று ஊர் முடிவுகட்டி, அவள் வீட்டு ஓட்டை உடைத்து, கடையில் அவளுக்குச் சாமான் கொடுக்காமல் இருந்தது. பந்தலில் இருந்தவர்கள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் இல்லாமல் செய்தார்கள். அவள் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அம்மணி, எங்க ஊட்டுக்காரரு தெரியறாருங்களா?"

யோகேஸ்வரி திரையைக் காட்டினாள். டிரைவர் சீட் காலியாக இருந்தது. விளையாட்டில் அது விளையாடுகிறவரின் இடம், அங்கே யாரையும் நவநீதன் உட்கார வைக்கவில்லை.

ருக்குமணி அந்தக் காலி சீட்டைப் பார்த்தாள். "அப்ப நான் உக்காந்துக்கறேன்" என்றாள்.

கல்யாணமான புதிதில் புருசனோடு லாரியில் ஆந்திரா வரை போய் வந்தவள் அவள். எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரிந்துகொண்டபின், குயிலியைத் தூளியை ஆட்டுகிற மாதிரி ஓட்டினாள். தங்காயி, "தம்பி இன்னிக்கு நல்லா பதனமா ஓட்டுது" என்றாள். தங்காயியின் புருசன் சென்னியப்பன், ருக்குமணியின் வீட்டில் முதல் கல்லை எறிந்தவர், ஹெட்போனோடு அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கம் திரும்பவே மாட்டார். ஆனால் அவள் வராத நாளில், "அந்தப் பொம்பளய வரச்சொல்லு" என்று முதலில் ஆளனுப்புகிறவரும் அவர்தான்.

"ஏனுங், சாப்பிட்டீங்களா?" என்று தங்காயி தினமும் கேட்டாள்.

"ஆச்சு ஆச்சு" என்று அவர் தினமும் சொன்னார்.

"குளுருதுங். போர்வைய எடுத்துட்டு வந்திருக்கலாம்."

இந்த வார்த்தை சென்னியப்பனைத் தூங்கவிடவில்லை. ஒரு போர்வை, ஒரே ஒரு போர்வை அதற்குள் கொடுக்க முடியாதா என்று அவர் யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க, அவளும் எங்கோ ஒரு தேசத்தில் யாரோ செய்து போட்டிருந்த கம்பளி மோட் ஒன்றைத் தேடி எடுத்து செட்டில் சேர்த்தாள். இந்த சேவுக்கு இந்த செட் பொருந்தாது, இருந்தாலும் திறக்கவா என்று விளையாட்டு கேட்டது. திற என்றாள். தங்காயி கழுத்து வரை போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தாள். கண்டக்டரைக் காணவில்லை, சஞ்சனாவைக் காணவில்லை. விசில் மட்டும் தானாக ஊதியது. சஞ்சனாவின் அம்மா பாலாமணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அலறிய அலறலில் டீக்கடைப் பால் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அன்றுதான் யோகேஸ்வரி தம்பி சொன்னதையெல்லாம், ரசத்தோடு சேர்த்துக் காதில் விழுந்ததையெல்லாம், ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டாள். பழைய செட்டை அப்படியே தனியாக வைத்தாள். அதற்கு நவநீதன் வைத்திருந்த பேர் 'தொடாதே'. கம்பளி சேர்ந்ததை அதற்குரிய சேவோடு இன்னொரு செட்டாகப் பிரித்து, சென்னியப்பனுக்கு என்று வைத்தாள். இதைப் பார்த்த மற்றவர்களும் கேட்டார்கள். பசியோடு போன மகனுக்கு இட்டிலி கேட்டார்கள், நிற்கிற அம்மாவுக்கு இன்னொரு சீட் கேட்டார்கள், பாலாமணி மழையே வேண்டாம் என்றாள். சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு பஸ்ஸிலும் யாரோ ஒருவர் சுகப்பட்டார், வேறு யாரோ இல்லாமல் போனார். மழையை எடுத்துவிட்ட பாலாமணியின் செட்டில் சஞ்சனா வெயிலில் சிரித்துக்கொண்டு போனாள், ஆனால் மழைக்காக பஸ்ஸில் ஏறினவர்கள் யாரும் அதில் இல்லை, நவநீதனும் இல்லை. அப்படியென்றால் அவன் அதில் பைக்கில் போயிருப்பான் என்று தோன்றி, அந்த செட்டை ஓட்டும்போதெல்லாம் யோகேஸ்வரி ரோட்டோரம் கண்ணை வைத்துத் தேடினாள். ரோட்டில் ஒன்றும் வரவில்லை. நவநீதன் பைக் மோட் செய்ததே இல்லை.

செட்டுகள் பெருகப் பெருக ஊரும் பிரிந்தது. கம்பளிக்காரர்கள் ஒரு பெஞ்சிலும் வெயில்காரர்கள் ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். எங்கள் பஸ்தான் நிஜ பஸ், உங்களுடையதில் பாதி ஆளே இல்லை என்று வாய்ச்சண்டை வந்தது. ஒருத்தி வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தி போகவில்லை. யோகேஸ்வரி மட்டும் எந்த செட்டுக்கு எந்த சேவ் என்று மாறிப்போகாமல் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் அவரவர் பஸ்ஸைத் திறந்து கொடுத்தாள்.

'தொடாதே' செட்டை அவள் மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திறப்பாள். ருக்குமணி ஓட்டுவாள். நவநீதன் இருந்தது அந்த ஒன்றில்தான்.

முதல் நாள் யோகேஸ்வரி நடந்ததைச் சொல்லாமல், "எங்கடா போறே?" என்று மட்டும் கேட்டாள். "நிச்சயத்துக்குதான்" என்று சொல்லிக்கொண்டே அவன் ஜன்னலுக்கு வெளியே மழையில் கையை நீட்டினான். கையை உள்ளே எடுத்துப் பார்த்தான். மறுபடி நீட்டினான். கை நனையவில்லை.

"அக்கா, இது நான் பண்ணுன மழை. இதுக்கு ஈரம் வெக்கல நானு" என்றான்.

அவன் உலர்ந்த கையைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தான்.

"நான் சேவ் பண்ணுனதத் தொறந்திருக்கறே. அப்ப நான் எங்க?"

"நவநீ..."

"பஸ்ஸு என்னாச்சுக்கா? பாலமா?"

அவள் அழுததிலிருந்து அவன் தெரிந்துகொண்டான். வளைவு வரும்வரை அவன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் அழுதான். மறுநாள் திறந்தபோது அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கையை நீட்டினான், கை நனையவில்லை, மறுபடி முதலிலிருந்து தெரிந்துகொண்டான். அவள் பேச்சுக் கொடுத்து அவன் கவனத்தைத் திருப்பிப் பார்த்தாள், கோபமாகப் பேசிப் பார்த்தாள், சிரிப்புக் காட்டிப் பார்த்தாள். எப்படியும் கை வெளியே போனது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரில் சேவ் என்றால் என்னவென்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான், தான் செத்துப்போனது தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். மழைக்கு ஈரம் சேர்க்கலாம் என்று அவள் ஒருநாள் அந்த மோட் மேல் கை வைத்தாள், சேர்த்துத் திறந்தபோது கடைசி சீட் காலியாக இருந்தது. பதறிப்போய்ப் பழையபடி மாற்றினாள்.

"அக்கா, இப்பிடி எத்தன தடவ தொறந்தே?" என்று அவன் கேட்டபோதெல்லாம், "இதுதான் மொதத் தடவ" என்றாள்.

சித்திரையில் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். பெஞ்சுச் சண்டையெல்லாம் அன்று இல்லை. பாலம் உடைந்ததால்தானே வினை, உடையாத பாலம் ஒன்றைச் செய்து செட்டில் போட்டால் என்ன, வண்டி தாண்டி கோரமலை போய்ச் சேர்ந்துவிடுமே என்று பாலாமணி கேட்டாள். சேர்ந்தபின் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

யோகேஸ்வரி மதியம் தம்பியிடம் கேட்டாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலை விஷயம் என்றதும் கொஞ்சம் தெளிந்து, "ஆவாதுக்கா. சேவ் பண்ணும்போது எந்தப் பாலம் இருந்துச்சோ அதுக்குத்தான் இந்த ஆளுங்க. பாலத்த மாத்துனா வண்டி போகும், ஆளு போவ மாட்டாங்க" என்றான்.

அவள் இதைப் பந்தலில் சொன்னாள். உன் தம்பியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய் என்றார்கள். ஒரு நகலாவது எடுத்துவைக்கிறேன் என்றாள். அதற்கும் சென்னியப்பன் ஒப்பவில்லை.

"பழசு ஒண்ணு இங்க கெடந்தா பாதி உசுரு இங்கயே தங்கிப்போயிரும் அம்மணி. போனா முழுசாப் போவோணும்."

வெளிநாட்டுக்காரர் ஒருவர் செய்துகொடுத்த பாலம் வந்தது. யோகேஸ்வரி பிடிவாதமாகத் தர மறுத்த 'தொடாதே' செட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதைப் போட்டார்கள். அன்று பந்தலில் மாவிலை கட்டி, வருகிறவர்களுக்கு ஆரத்தி கரைத்து வைத்தார்கள். ருக்குமணி முதலில் கம்பளி செட்டை ஓட்டினாள். வளைவைத் தாண்டினாள். புதுப் பாலத்தில் வண்டி ஏறியது, தாண்டியது, மலை ஏறியது. பேச்சுச் சத்தம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கோரமலை ஸ்டாப்பில் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. தங்காயியின் சீட்டில் கம்பளி மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைசி ஸ்டாப் வந்தால் விளையாட்டு தானாக சேவ் ஆகும், அதுவும் ஆனது. இதில் ஏதோ பிசகு, எங்கள் பஸ்ஸில் அப்படி ஆகாது என்று அடுத்தவர்கள் தங்கள் செட்டைத் திறக்கச் சொன்னார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லா பஸ்களும் காலியாக மலை ஏறின.

ஊர் இரண்டாம் தடவை துக்கம் காத்தது, முதல் தடவையைவிட அது மோசமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக யோகேஸ்வரியிடம் வந்தார்கள்.

"உன்றதுல எல்லாரும் இருக்காங்கல்ல சாமி?" என்று சென்னியப்பன் கேட்டார். அவர் தாடி மார்பு வரை இறங்கியிருந்தது.

இருக்கிறார்கள் என்றாள். 'தொடாதே' செட் இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒருவர் முடித்து ஒருவராகத் திறக்கப்பட்டது. முன்வரிசையில் தங்காயி சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஒவ்வொரு தடவையும் ஒரு கை ஜன்னலுக்கு வெளியே போய் நனையாமல் திரும்பியது. பேசுகிறவர்கள் யாரும் பின்வரிசையைப் பார்க்கவில்லை. யோகேஸ்வரி பார்த்தாள், ருக்குமணி கண்ணாடியில் பார்த்தாள்.

ஒரு மதியம் ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டு அவள் ஹெட்போனை மாட்டினாள். கை நீண்டது, திரும்பியது.

"அக்கா, இப்பிடி எத்தன தடவ தொறந்தே?"

அவளால் இந்தத் தடவை பொய் சொல்ல முடியவில்லை. "கணக்கே இல்லடா. ஊரே தொறக்குது. நீ ஒவ்வொரு தடவையும் அழுவறே" என்றாள்.

அவன் ஜன்னலை இறக்கி மூடினான். "வளைவுல மூடிர்றீங்க, அதுதான் நாங்க இன்னும் இங்கயே கெடக்கறோம். மூடாதே. கடைசி வரைக்கும் உட்டுட்டு, பழசுக்கு மேலயே சேவ் பண்ணீரு."

"எல்லாரும் போயிருவாங்கடா. தங்காயாத்தா, சஞ்சனா, எல்லாரும்."

"அவுங்கெல்லாம் போயிட்டாங்கக்கா" என்றான். "யாரு ஓட்டறது?"

"ருக்குமணியக்கா."

அவன் முன்பக்கம், காலியாக இருந்த சீட்டைப் பார்த்தான். யோகேஸ்வரி ருக்குமணியின் முகத்தைப் பார்த்தாள். ருக்குமணி வளைவில் மூடுகிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. 'தொடாதே' செட்டின் குயிலி முதல் தடவையாக அந்த வளைவைத் தாண்டியது.

பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ருக்குமணி வேகத்தைக் குறைத்தாள். பஸ் ஊர்ந்தது. முன் சீட்டிலிருந்து தங்காயி எட்டிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி நிறுத்தறே? முழங்காத் தண்ணி கூட இல்ல. போ போ, நேரமாச்சு."

"போங்கண்ணா, பரிச்சைக்கு லேட்டாச்சு" என்றாள் சஞ்சனா. போலாம் போலாம் என்று பஸ் முழுக்கச் சத்தம் எழுந்தது. கண்டக்டர் ரெண்டு விசில் ஊதினார். காலி சீட்டைப் பார்த்து, "இத்தன பேரு சொல்றாங்க, அப்பறமென்னப்பா பயம்?" என்று தங்காயி கேட்டாள்.

அன்றைக்கு அந்த சீட்டில் இருந்தவர் காதில் என்ன விழுந்தது என்று ருக்குமணிக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை, சொல்ல ஆள் இருந்ததில்லை.

கடைசி சீட்டிலிருந்து நவநீதன் மெதுவாகச் சொன்னான். "போலாங்க ருக்குமணியக்கா."

அவள் போனாள். பாலம் உடைந்து சரிந்தபோது மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் வெறும் தரையைப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் திரையில் தண்ணீர் மட்டும் இருந்தது. பழைய சேவுக்கு மேலேயே எழுதவா என்று விளையாட்டு கேட்டது. யோகேஸ்வரி எழுது என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடைக் கண்ணாடியை உடைத்தார்கள், கம்ப்யூட்டரை ரோட்டில் போட்டு மிதித்தார்கள். சென்னியப்பன் ருக்குமணியின் முன்னால் வந்து நின்று, மண்ணை வாரி அவள் முகத்தில் எறிந்தார்.

"ரெண்டாந்தடவையும் நீங்கதாண்டி கொண்டுபோயித் தண்ணிக்குள்ள உட்டீங்க. என்ற தங்காயிய ரெண்டு தடவ கொன்னுபோட்டீங்க."

கூட்டம் கலைந்தபின் யோகேஸ்வரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ருக்குமணிக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லீரலாங்க்கா. தங்காயாத்தாதான் போகச் சொன்னாங்க, எல்லாருந்தான் சொன்னாங்கன்னு நான் சொல்றேன்."

"எதுல போட்டுக் காட்டுவே?" என்றாள் ருக்குமணி.

யோகேஸ்வரி ரோட்டில் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"காட்ட முடிஞ்சாலும் வேண்டாம் அம்மணி. அந்த மனுசன் காதுல அந்தம்மா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டே இருக்கட்டும். அத நான் எதுக்குப் புடுங்கோணும்?"

கண்ணிலிருந்த மண்ணைக் கழுவிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ருக்குமணி சாயங்கால ஷிப்ட்டுக்கு மில் வேன் வருகிற பக்கமாக நடந்தாள். பெஞ்சுகளைக் கோயிலுக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.